பனி முடிந்ததும் விதைக்கவும்!

போன சித்திரையில் ஒரு நாள் மாலை, மாடியில் குடியிருக்கும் தம்பி ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். தொட்டிக்குள் நூல் போல நாலைந்து தண்டுகள் வதங்கிக் கிடந்தன. இலை என்று சொல்ல ஒன்றிரண்டு மஞ்சள் வட்டம்.

"தாத்தா, இது நஸ்டர்ஷியம். கொடி வகை. எட்டடி ஏறும்னு பாக்கெட்ல போட்டிருக்கு. ரெண்டு வாரத்துல இப்படி ஆயிடுச்சு. நம்ம ஊருக்கு வராதுன்னு நர்சரிக்காரர் சொல்றாரு. நெஜமா?"

விதை, தென்னைநார்த் தூள், மண்புழு உரம், நாற்றுத்தட்டு, தொட்டி எல்லாமாக 800 ரூபாய்க்கு மேல் செலவு செய்திருக்கிறார். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டேன். பங்குனிக் கடைசி என்றார். ஏன் அப்போது என்றதற்குக் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். நல்ல தமிழில், கணீரென்ற குரலில் ஒருவர் சொல்கிறார்: கடைசி உறைபனி முடிந்ததும் விதைக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை ஏற்ற காலம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. புதுச்சேரியில் உறைபனி! எனக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இந்த ஊரில் உறைந்து நான் பார்த்தது ஐஸ் கம்பெனி வாசலில்தான். சொன்னவருக்கும் இது தெரியாமலா இருக்கும்? எங்கோ ஒருவர் தன் ஊருக்கு எழுதிவைத்ததை வரி தவறாமல் தமிழாக்கி நமக்குக் கொடுத்துவிட்டார். கேட்டவரும் வெளியே எட்டிப் பார்க்காமல், கத்திரி வெயிலுக்கு ஒரு மாதம் முன்னால் குளிர்காலச் செடியை விதைத்துவிட்டார். செத்த பிறகு பழி யார் மேல்? செடி மேல், ஊர் மேல்.

இதைப் பற்றிச் சண்டை போடத்தான் இன்று எழுதுகிறேன். ஆனால் சண்டை போடும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை.

இந்தப் பூவை எனக்கு நஸ்டர்ஷியம் என்று தெரியாது. எங்களுக்கு அது கப்யுசின். பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் முதலில் பாட்டாகத்தான் வரும். கைகோத்து வட்டமாகச் சுற்றி, கடைசியில் எல்லோரும் தொப்பென்று குந்தி உட்காருகிற பாட்டு. பூவுக்கு அந்தப் பெயர் வந்தது கப்புச்சின் துறவிகளால். பூவின் பின்பக்கம் வால் போல நீண்டிருப்பது அந்தச் சாமியார்கள் தலையில் போடும் கூம்புக் குல்லா மாதிரி இருக்கும். அதே துறவிகளின் பெயரால்தான் நம் ஊரில் கப்ஸ் கோயிலும் இருக்கிறது. இதை வீட்டில் போய்ச் சொன்னபோது என் அப்பா, "அப்ப இது கப்ஸ் கோயில் பூ" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும் எங்கள் வகுப்பில் ஒன்றும் மாறவில்லை. ஆண்டுக்கு நான்கு பருவம், மார்ச் 21-ல் வசந்தம் பிறக்கும், மரங்கள் துளிர்க்கும், பனி உருகும் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் பூத்துக் கொட்டும், சட்டை முதுகோடு ஒட்டும். ஒருவருக்கும் அது முரணாகவே தோன்றவில்லை. பாடம் வேறு, வெயில் வேறு.

ஒரு நாள் எங்கள் முசியே ஆளுக்கு ஏழு விதை கொடுத்தார். கொண்டைக்கடலை அளவு, சுருக்கம் விழுந்த விதை. வீட்டில் விதைத்து, கவனித்து, பூத்ததும் ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். வசந்தத்தில் விதையுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். அவருக்குத் தெரிந்த ஊரைச் சொன்னார்.

நான் ஏப்ரலில் குழி தோண்ட உட்கார்ந்தேன். அப்பா பார்த்தார். அவர் பாகூர்ப் பக்கம் நிலத்தில் வளர்ந்தவர். பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது.

"ஏண்டா, சித்திரையில எவனாவது பூ விதை போடுவானா? எடுத்து வை. மழை ஓயட்டும், பாக்கலாம்."

"ஒனக்குத் தெரியாதுப்பா. புத்தகத்துல போட்டிருக்கு."

இந்தப் பதிலைத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஐந்து விதையைப் போட்டேன். மூன்று முளைத்தது, மூன்றும் கருகியது. மிச்சம் இருந்த இரண்டை அப்பா எப்போது எடுத்துவைத்தார் என்று எனக்குத் தெரியாது. கார்த்திகைக் கடைசியில் கிணற்றடிச் சுவர் ஓரம் ஊன்றியிருக்கிறார். தை முடியும்போது அவை தலைக்கு மேல் ஏறி, ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து நின்றன.

பிறகு நான் செய்ததுதான் கேவலம். கட்டுரை எழுதினேன். வசந்தத்தில் விதைத்தேன், கோடையில் பூத்தது என்று புத்தகம் சொல்கிறபடியே அழகாக எழுதினேன். முசியே 'த்ரே பியேன்' போட்டார். அந்த நோட்டில் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நம்ம கப்ஸ் கோயில் பூவைப் பத்தியா எழுதியிருக்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதன்பின் அரசாங்கத்தில் எழுத்தராக முப்பத்தைந்து வருடம். மேலிருந்து வந்த சுற்றறிக்கையை வரி பிசகாமல் அடித்து, கீழே 'நகல் அனுப்பப்படுகிறது' என்று போட்டு இறக்குவதே வேலை. அதில் சொல்லியிருப்பது இங்கே பொருந்துமா என்று கேட்கிற எழுத்தர் பதவி உயர்வு பெற்று நான் பார்த்ததில்லை. ஆகவே, வீடியோவில் உறைபனி என்று சொல்கிற பிள்ளையைத் திட்டும்போது யாரைத் திட்டுகிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கப்யுசின் ஐரோப்பாவில் பிறந்த செடியே இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம், பெரு நாட்டுப் பகுதி அதன் சொந்த ஊர். பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறி ஐரோப்பா போனது. அதிகக் குளிரும் ஆகாது, அதிக வெயிலும் ஆகாது. உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் ஊரைப் பார்த்தார்கள். அங்கே தோட்டக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. மே 11, 12, 13 தேதிகளில் வரும் மூன்று புனிதர்களை 'பனிப் புனிதர்கள்' என்பார்கள். அந்த மூன்று நாள் தாண்டும்வரை மென்மையான செடி எதையும் வெளியே வைக்கக்கூடாது. நம் ஆடிப்பட்டம் மாதிரி, மண்ணில் கைவைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த கணக்கு. கிவெர்னியில் ஓவியர் மொனே வீட்டின் நடுப்பாதையில் கோடை முடியும்போது இந்தக் கொடி இரண்டு பக்கமிருந்தும் படர்ந்து பாதையையே மூடிவிடும் என்றால், அந்தக் கணக்குதான் காரணம்.

அந்தப் பிரெஞ்சு விவசாயியும் என் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடம். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். நடுவில் நகல் எடுத்தவர்கள் நாங்கள்தான்.

நம் பெரியவர்கள் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இதில் பனி என்பது உறைபனி அல்ல, விடியலில் வேட்டி நனைகிற பனி. கப்யுசினுக்கு வேண்டிய இதமான குளிர்ச்சி நமக்குக் கிடைப்பது அந்த முன்பனி, பின்பனி நாட்களில்தான். அவர்களுக்குப் பனி முடிந்ததும் விதைப்பு. நமக்குப் பனி தொடங்கும்போது விதைப்பு. ஒரே செடி, நேர் எதிரான மாதம். பாக்கெட்டில் இருப்பதை மொழிபெயர்க்கிறவர் சொல்லை மாற்றினால் போதாது, மாதத்தையும் மாற்ற வேண்டும்.

"அது ஊட்டிச் செடி சார், இங்க வராது" என்கிற நர்சரிக்காரருக்கும் ஒரு வார்த்தை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது சாலையோரத்தில் காடாக மண்டிக் கிடப்பது உண்மை. அங்கே ஆண்டு முழுக்கக் குளிர்ச்சி. இங்கே மூன்று மாதம். மூன்று மாதம் வருவதை 'வராது' என்று சொல்லலாமா? மார்கழியில் நுங்கு இல்லை என்று பனைமரத்தை யாரும் குறை சொல்வதில்லையே. நர்சரிக்காரருக்கு உள்ள சங்கடம் வேறு. விதை ஊன்றி வளர்க்கிற செடியில் அவருக்கு வியாபாரம் இல்லை. பையில் பூவோடு நிற்கிற செடிதான் விலை போகும். கப்யுசின் பையிலிருந்து பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும் ஜாதி. வேர் அசைந்தால் பிடிக்காது. தட்டில் நாற்று விட்டு, வேரை உதறி, தொட்டிக்கு மாற்றி, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றி... மாடித் தம்பி செய்தது இதைத்தான். எங்கே ஏற வேண்டுமோ அங்கேயே விதை போட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டதும் ஒரே நாளில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, அப்பா போன பிறகு, அவர் செய்ததை நினைவிலிருந்து திரும்பச் செய்யப் பார்த்தேன். முதல் வருடம் ஆர்வக்கோளாறில் ஐப்பசியிலேயே போட்டேன். அடைமழையில் விதை அழுகி, தோண்டிப் பார்த்தால் கொழகொழவென்று கையில் ஒட்டியது. 2011-ல் சரியான நேரத்தில்தான் போட்டேன். நாலு இலை விட்டு நின்றபோது டிசம்பர் 30 விடியலில் தானே புயல் வந்தது. ஊரில் மரங்களே விழுந்து கிடந்தபோது நாலு இலையைப் பற்றி யாரிடம் சொல்லி அழுவது? அன்றிலிருந்து பாதி விதையைத்தான் மண்ணில் போடுவேன், பாதி டப்பாவில் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஊரையே மிதக்கவிட்டபோது அந்த வருட விதை முழுக்க டப்பாவில் பத்திரமாக இருந்தது. பத்து நாள் பொறுத்து, மண் உலர்ந்ததும் போட்டேன்.

இப்போது என் வழக்கம் இதுதான். திருக்கார்த்திகை தீபம் ஏற்றியாகட்டும், மழை ஓய்ந்ததா என்று பார்ப்பேன். முதல் நாள் இரவு விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுவேன். காலையில் கிழக்குச் சுவர் ஓரம், விரலின் முதல் கணு ஆழத்துக்குக் குழி. வெளிச்சம் பட்டால் முளைக்கத் தயங்கும், அதனால் மண்ணால் மூட வேண்டும். ஒரு சாண் இடைவெளி. ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். காலை வெயில் போதும். பகல் ஒரு மணிக்கு மேல் சுவர் நிழல் விழுகிற இடமாக இருந்தால் பங்குனி பாதிவரை தாங்கும்.

மண் விஷயத்தில்தான் நம் ஆட்கள் என்னோடு அதிகம் சண்டைக்கு வருகிறார்கள். கப்யுசினுக்கு உரம் கூடாது. சாணி, மண்புழு உரம், கடையில் விற்கிற பச்சைத் தண்ணீர், எதுவும் கூடாது. சத்தான மண்ணில் போட்டால் தட்டுத் தட்டாக இலை விடும், பூ விடாது. கொஞ்சம் செம்மண், கொஞ்சம் மணல், தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அவ்வளவுதான். "பாவம், பட்டினி போடுறீங்களே" என்று எதிர்வீட்டு அம்மா வருத்தப்படுவார். அந்த அம்மா தொட்டியில் வைத்த கப்யுசின் மூன்று வருடமாக இலையாகவே இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு ஊட்டுவது போல வாரா வாரம் ஊட்டுகிறார்.

கொடி ஏறுவதைப் பற்றியும் தப்பாகவே சொல்லித்தருகிறார்கள். பெரிய மூங்கிலை நட்டு, கொடியை இறுக்கிக் கட்டிவைப்பார்கள். பாகல், புடலை மாதிரி இதற்குப் பற்றுச்சுருள் கிடையாது. இலைக்காம்புதான் கை. காம்பு எதிலாவது உரசினால் மெல்ல வளைந்து ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். தடித்த மூங்கிலை அந்தச் சின்னக் காம்பு எப்படிச் சுற்றும்? மெல்லிய நூல் வேண்டும். வைத்திக்குப்பத்தில் கிழிந்த மீன் வலை கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மீனவர் சும்மாவே கொடுத்தார். அதைச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டிவிட்டேன். முதலில் ஒரு தடவை கொடியின் நுனியை வலைக்குள் நுழைத்துவிடுவதுதான் என் வேலை. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆறடிச் சுவரின் உச்சியைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

அசுவினி வரும். தண்ணீரைப் பீச்சி அடித்தால் பாதி போய்விடும். அதற்கு மேல் நான் கவலைப்படுவதில்லை.

"வெளிநாட்டுப் பூ எதற்கு? நம்ம மண்ணின் செடி வைங்க" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் தினமும் உபதேசம் செய்கிறார். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, முந்திரி, இவர் வீட்டு மதிலில் கொட்டிக் கிடக்கிற காகிதப்பூ, எல்லாம் கப்யுசின் மாதிரியே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். கப்யுசினாவது கடுகுக்கும் நம் முருங்கைக்கும் தூரத்து உறவு. தாவர நூலில் மூன்றும் ஒரே வரிசையில் வரும். இலையைக் கிள்ளி மென்று பாருங்கள், முள்ளங்கி மாதிரி சுருக்கென்று நாக்கில் ஏறும். பிரான்சில் பச்சை விதையை வினிகரில் ஊறவைத்து ஊறுகாய் போடுவார்கள். ஒரு இலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். தாமரை இலையில் போலவே முத்து முத்தாக உருண்டு ஓடியது. நண்பர் குனிந்து பார்த்தார். மறுநாளும் அதே உபதேசம்.

பூத்திருக்கும் நாட்களில் நான் மாலை நேரத்தில்தான் அதன் பக்கம் உட்காருவேன். செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸின் மகள் எலிசபெத் கிறிஸ்தினா, தன் 19 வயதில், அந்தி மங்கும் நேரத்தில் இந்தப் பூக்கள் பளிச் பளிச்சென்று மின்னுவதைக் கண்டு 1762-ல் எழுதிவைத்தார். பூவில் மின்சாரமோ என்றுகூட யோசித்தார்கள். கடைசியில் அது பூவின் வேலை இல்லை, மங்கிய வெளிச்சத்தில் ஆரஞ்சையும் பச்சையையும் நம் கண் வாங்குகிற விதத்தில் வருகிற மயக்கம் என்று ஆனது. நேராக முறைத்துப் பார்த்தால் தெரியாது. கண்ணைச் சற்று அலையவிட வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு எனக்கு இரண்டு தடவை தெரிந்தது.

மாசி மகத்தன்று தெருவெங்கும் சாமி கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்க, என் சுவரில் பூ நிறைந்திருக்கும். பங்குனியில் இலை மஞ்சளாகும். அப்போதுதான் பையன்களுக்கு அவசரம் வந்து தண்ணீரும் உரமும் கொட்டிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். காப்பாற்றக்கூடாது. விட்டுவிட வேண்டும். மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு காய்க்கும் பச்சை விதைகள் வெளுத்து, தானாகக் கீழே உதிரும். பொறுக்கி, நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் மடித்து வைத்தால் அடுத்த வருடத்துக்கு ஆயிற்று. கடைப் பாக்கெட் விதையை விட இந்த விதைதான் எனக்கு நன்றாக முளைக்கிறது.

சித்திரையில் தொட்டியோடு வந்த தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பொட்டலத்திலிருந்து ஏழு விதை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இப்பவே போட்டுடவா தாத்தா?" என்றார்.

"எடுத்து வைங்க. மழை ஓயட்டும், பாக்கலாம்."

விதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீடியோல வேற மாதிரி சொல்றாங்களே" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஏழில் இரண்டை மட்டும் திரும்ப வாங்கி என் டப்பாவில் போட்டுக்கொண்டேன்.